சம்பந்தியின் சீமைத் துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வெளிநாட்டு வேட்டை ரைஃபிள்கள் லட்சக்கணக்கில் விலை போவதாக ஞாயிறு இணைப்பில் படித்தேன். அப்படி வாங்கியவர்களில் என் சம்பந்தியும் ஒருவர்.

தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி தருவிப்பதை 1980களில் அரசு நிறுத்தியது. அதற்கு முன் வந்தவைதான் இன்னும் கைமாறுகின்றன. வரத்து நின்றதால் ஏறிய விலை அது. சம்பந்தியிடம் சொன்னால், "உங்க இச்சாப்பூர் கட்டைய வெச்சிகினு பேசாதீங்க" என்பார்.

என்னுடையது இச்சாப்பூர் .315, வங்காளத்தில் இருக்கும் அரசு ஆலையில் செய்த ரைஃபிள். ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் தோட்டாவை மாற்றினான். உள்ளே இருப்பது ராணுவத்தின் .303 ரைஃபிளான லீ என்ஃபீல்டின் அதே போல்ட்டுதான் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு). 1967இல் பட்டாளத்தில் சேர்ந்தபோது கண்ணைக் கட்டிவிட்டு அதைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். போல்ட்டை உருவி, தலையைத் திருகினால் தனியே வந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம்.

வேட்டைப் பேச்சு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. அமிர்தி பக்கம் மல்லாட்டை போட்டிருக்கிறேன். பன்றி இறங்கினால் வரப்பு மேட்டில் ஒரு வெடி, அவ்வளவுதான்.

2024 தேர்தலுக்கு இருவரும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். நான் குழலுக்குள் எண்ணெய்ச் சிந்தி (துடைக்கும் துணியைப் பட்டாளத்தில் அப்படித்தான் சொல்வோம்) இழுத்து, வெளியிலும் தடவிக் கொடுத்தேன். சம்பந்தி வெல்வெட் உறையில் போட்டுக் கொடுத்தார். ஜூனில் திரும்பி வந்தபோது அந்த வெல்வெட் ஈரத்தைக் குடித்திருந்தது. குழல் முழுக்கத் துருப்புள்ளி. அதைத் தேய்த்துவிட்டார். ஆனால் முதல் வெடியிலேயே காலித் தோட்டா அறைக்குள் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து வெளியே போடும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி முறிந்திருந்தது. நகக்கண் அளவு இரும்பு. வேலூரில் கிடைக்கவில்லை, சென்னையிலும் இல்லை. கடைசல் பட்டறையில் செய்து பார்த்தார்கள்; இரண்டாவது வெடிக்கு அதுவும் போனது.

என் துப்பாக்கியிலும் அந்தக் கொக்கி ஒருமுறை தேய்ந்தது. ஒரு திருகாணி, ஒரு சின்ன வில். திண்ணையில் உட்கார்ந்து மாற்றினேன், காப்பி ஆறவில்லை.

சீமைச் சரக்கே மட்டம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும் முன் உதிரி கிடைக்குமா, யார் கழற்றுவார்கள் என்று சம்பந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கேட்டது விலையை மட்டும்தான்.

இப்போது அவருடையது பீரோவில் இருக்கிறது. போன வாரம் இரவு ஒரு மணிக்குப் போன் வந்தது: "சம்பந்தி, கொல்லியில பன்னி பூந்துடுச்சு. உங்க கட்டைய எடுத்துகினு வறீங்களா?"

ஓய்வுபெற்ற ஹவில்தார்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்