எந்த எண்ணெயா இருந்தாலும் பரவாயில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க இணைப்புல வீட்லயே சோப்பு செய்யறது பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். எனக்கு சின்ன வயசுலேர்ந்தே எக்ஸிமாங்கற தோல் அரிப்பு, கடை சோப்பு பாதி ஒத்துக்காது, அதனால ஆறு வருஷமா நானே தான் செஞ்சுக்கறேன், அந்த ஆர்வத்துல தான் உக்காந்தேன், ஆனா பிடிச்ச எண்ணெய் எதுவா இருந்தாலும் அரை கிலோ எடுத்துக்கலாம்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, பகீர்னு ஆயிடுச்சு.

ஒவ்வொரு எண்ணெயும் சோப்பா மாற வேற வேற அளவு காஸ்டிக் சோடா, அதாவது எண்ணெய சோப்பா மாத்தற காரம், கேக்கும். அரை கிலோ தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 91 கிராம், அதே அரை கிலோ ஆலிவ் ஆயிலுக்கு 67 கிராம் தான். முதல் கணக்க வெச்சுக்கிட்டு ஆலிவ் ஆயில்ல செஞ்சா இருபது கிராமுக்கு மேல காஸ்டிக் அப்படியே கட்டிக்குள்ள நிக்கும், எவ்ளோ நாள் காய வெச்சாலும் தொட்டா எரியும். அதுவும் ஸ்பூன்ல அளக்க சொல்லியிருக்கீங்க! பவுடரா இருந்தா ஒரு எடை, செதிலா இருந்தா ஒரு எடை, தராசு இல்லாம இந்த வேலையே கூடாது. நாங்க கணக்குல வர்றத விட 5 சதவீதம் கம்மியா தான் காஸ்டிக் போடுவோம், கொஞ்சம் எண்ணெய் மாறாம மிஞ்சினா தோலுக்கு நல்லது.

தலைப்புல வேற கெமிக்கலே இல்லாத சோப்புனு போட்டிருந்தீங்க. காஸ்டிக் இல்லாம சோப்பே கிடையாதுங்க. கடைல விக்கற, உருக்கி அச்சுல ஊத்தற சோப்பு பேஸ் வாங்கினாலும் அந்த வேலைய வேற யாரோ முன்னாடியே முடிச்சு குடுத்திருக்காங்க, அவ்ளோ தான். அளவு சரியா இருந்தா கடைசில கட்டில காஸ்டிக் மிஞ்சாது, பயப்பட வேண்டியது செய்யும்போது தான். படத்துல இருந்தது அலுமினிய பாத்திரம் மாதிரி தெரிஞ்சுது, அதுல காஸ்டிக் பட்டா பொங்கி ஹைட்ரஜன் வாயு வரும், நல்ல ஸ்டீல் தான் வேணும். தண்ணில காஸ்டிக்க கொஞ்சம் கொஞ்சமா போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தினா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும். கண்ணாடி, கிளவுஸ் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லையே!

வாசனைக்கு லாவெண்டர் ஆயில் தாராளமா சேர்க்கலாம்ங்கறதும் எனக்கு ஒப்பல. நான் முதல் தடவை அப்படி தான் ஊத்தினேன், ரெண்டே நாள்ல கழுத்தெல்லாம் தடிச்சு போச்சு. இயற்கை எண்ணெயும் அலர்ஜி பண்ணும், சென்சிடிவ் ஸ்கின்காரங்களுக்கு வாசனையே இல்லாத சோப்பு தான் சேஃப். புதுசா எது செஞ்சாலும் முழங்கை மடிப்புல ஒரு வாரம் போட்டு பாத்துட்டு தான் மூஞ்சிக்கு போவேன்.

இன்னொன்னும் சொல்லிடறேன், எவ்ளோ நல்லா செஞ்சாலும் சோப்போட பிஎச், அதாவது காரமா அமிலமானு காட்டற அளவு, 9, 10ல காரமா தான் நிக்கும், தோலுக்கு 5 கிட்ட, லேசான அமிலம். அதனால எக்ஸிமா கிளம்பியிருக்கற நாள்ல என் சோப்பையே நான் தொட மாட்டேன், டாக்டர் எழுதி குடுத்த கிளென்சர் தான். இத சொன்னா சோப்பு செய்யற என் ஃப்ரெண்ட்ஸ்க்கே கோவம் வரும்.

அடுத்த வாரம் அதே பக்கத்துல, எண்ணெய் வாரியா கிராம் கணக்கோட ஒரு திருத்தம் போடுங்க. போன வார கட்டுரைய பாத்து யாராவது ஏற்கனவே செஞ்சு காய வெச்சிருந்தா, தேய்ச்சு பாக்கறதுக்கு முன்னாடி தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி