செக் என்ஜின் லைட்டுக்கு டேப் ஒட்டச் சொன்ன உங்கள் சர்வீஸ் சென்டர் மீது புகார்

அனுப்புநர்:
உங்கள் கார் வாடிக்கையாளர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: எலி கடித்த ஒரு ஒயருக்கு 68,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தது, கேட்காத வேலைக்குப் பில் போட்டது, வாடிக்கையாளரை அவமதித்துப் பேசியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போனில் பேசிப் பேசி ஓய்ந்துபோய்தான் இதை எழுத்தில் தருகிறேன். உங்கள் கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் எடுக்கிறார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிட்டு, "டீலரிடம் சொல்லிவிட்டோம்" என்று வைத்துவிடுகிறார். டீலரிடம் போனால் "கம்பெனியிலிருந்து எங்களுக்கு எதுவும் வரலையே" என்கிறார்கள்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. விட்டு விட்டு எரிந்தால் மிஸ்ஃபயர், அதாவது என்ஜினுக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை, எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், உடனே ஓரங்கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இது நிலையாக எரிந்தது. பிக்கப் குறையவில்லை, டெம்பரேச்சர் ஏறவில்லை. அதனால் பதறாமல் மதுரையில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கம்பெனிக்காரர்கள், சொந்த வண்டியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா என்ற நம்பிக்கையில் போனேன்.

அங்கே ஸ்கேனரை மாட்டினார்கள், ஏதோ அழுத்தினார்கள், விளக்கு அணைந்தது. "சரியாயிடுச்சு சார், பெட்ரோல் சரியில்லாம இருந்திருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். பழுதைக் காட்டும் கோடு (எண்) என்ன வந்தது என்று கேட்டேன். "அது சிஸ்டத்துல இருக்கும்" என்றார்கள். கோடு பதிவாகும் நேரத்தில் என்ஜின் என்ன வேகத்தில் சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதையெல்லாம் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். குறித்துக்கொள்ளாமல் கோடை அழித்தால் அந்த விவரமும் சேர்ந்து அழிந்துபோகும். பழுதைக் கண்டுபிடிக்க இருந்த முதல் தடயத்தை உங்கள் ஆட்களே அழித்தார்கள். மறுநாளே விளக்கு திரும்ப எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்த அலைக்கழிப்பில் ஒரு சனிக்கிழமையை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை. ஒன்பது மணிக்கு வரச் சொல்லி நேரம் கொடுத்தது அவர்கள்தான். போய் நின்றால் ஸ்கேனர் வேறு கிளைக்குப் போயிருக்கிறதாம். மதியச் சாப்பாட்டு நேரம் வரை உட்கார வைத்தார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு உங்கள் சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "லைட்டு தானே சார் எரியுது, வண்டி ஓடுதுல்ல? கண்ணை உறுத்துனா ஒரு கருப்பு டேப்பை ஒட்டிட்டு ஓட்டுங்க." நான் கல்யாண போட்டோகிராபர், ஆவணி முகூர்த்தங்களுக்கு இந்த வண்டியை நம்பித்தான் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன் என்றேன். "கேமராதானே, பஸ்ல போனா ஆகாதா?" என்றார். பக்கத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பல லட்சம் கொடுத்து உங்கள் வண்டியை வாங்கியவனுக்கு உங்கள் ஷோரூமுக்குள்ளேயே கிடைத்த மரியாதை இது.

பிறகு வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். கடைசியில் வாட்ஸ்அப்பில் வந்தது எஸ்டிமேட்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர், முன்னும் பின்னுமாக, புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார், கூலி, எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். பெட்ரோலில் கலப்படம் என்பதால் எக்ஸ்டெண்டட் வாரண்டியில் வராதாம். எந்தக் கோடு வந்தது என்று அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை. நான் முடியாது என்றதும் த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், செக்கப் சார்ஜ் என்று 4,700 ரூபாய் பில் போட்டு, அதைக் கட்டினால்தான் சாவி என்றார்கள். கட்டினேன். விளக்கு எரிந்துகொண்டேதான் வண்டி வெளியே வந்தது.

உசிலம்பட்டியில் ஒரு சின்னப் பட்டறை. அங்கே இருக்கும் அண்ணன் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் கையடக்க ஸ்கேனர் ஒன்றை மாட்டினார். வந்த கோடு பி0031. முன்பக்க ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்றால் வரும் கோடு பி0420. அது வரவே இல்லை. அந்த சென்சார் கிட்டத்தட்ட 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காகப் படிக்கும், சீக்கிரம் சூடேறத்தான் உள்ளே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அவர் முதலில் கோடை ஒரு சீட்டில் எழுதினார். பிறகு ஃப்யூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார், ஹீட்டரின் ஓம்ஸ் (மின்தடை) சரியாகக் காட்டியது. அப்படியானால் சென்சார் நல்ல சென்சார். அப்புறம் டார்ச் அடித்து, கனெக்டரிலிருந்து என்ஜின் பக்கம் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு கிளிப்புக்குப் பின்னால் எலி கடித்து, ரப்பர் உரிந்து, செம்பு பச்சை பூத்து அறுந்து கிடந்தது. பக்கத்திலேயே எலிப் புழுக்கை. அறுந்த இடத்தை சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டி இறுக்கினார். கோடை அழித்தார். கூலி 400 ரூபாய். இன்று வரை விளக்கு எரியவில்லை.

எலி கடித்தது வாரண்டியில் வராது என்றால் சரி, அந்த 400 ரூபாயை நான் கேட்கவில்லை. என் கேள்வி வேறு. ஒயர், ஃப்யூஸ், கனெக்டர் என்று காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பதுதானே முறை? கன்வெர்ட்டர் வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று, உள்ளே பிளாட்டினமும் பலேடியமும் இருக்கிறது. அதை ஏன் முதல் ஆளாகக் கழற்றச் சொன்னார்கள்? வண்டியைச் செய்தது நீங்கள், ஒயரிங் டயகிராம் உங்களிடம் இருக்கிறது. பட்டறை அண்ணனுக்குத் தெரிந்தது உங்கள் ஆட்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தே செய்தார்கள் என்றால் அதற்குப் பெயர் மோசடி.

அந்த டேப் பேச்சை நினைத்தால் இன்னும் ரத்தம் கொதிக்கிறது. உங்கள் இன்ஜினியர்கள் காரணத்தோடு வைத்த விளக்கை மறைக்கச் சொல்கிறவர் எப்படி உங்கள் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?

ஆவணி சீசன் மொத்தமும் எனக்குப் போய்விட்டது. வாடகைக் காருக்குக் கொடுத்தே சம்பாத்தியம் கரைந்தது. நேரத்துக்குப் போக முடியாமல் பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவியது, அந்தக் குடும்பத்தில் இனி எந்தக் கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். இதற்கெல்லாம் ஒரு லட்சம் ரூபாய் கேட்டாலும் தகும்.

தயவுசெய்து 4,700 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்த சர்வீஸ் அட்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். 68,000 ரூபாய் எஸ்டிமேட் எந்த அடிப்படையில் போடப்பட்டது என்று விளக்கமும் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் கொஞ்சம் மதிப்பு வைத்திருப்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதோடு நிற்காமல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை இரண்டுக்கும் சேர்த்து வழக்குப் போடுவேன். அறுந்த ஒயரின் போட்டோவை எடுத்திருப்பது தொழில்முறைப் போட்டோகிராபர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பில், எஸ்டிமேட், போட்டோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். முதல் நாள் உங்கள் ஸ்கேனரில் வந்த கோடின் பிரதியும் ஜாப் கார்டு நகலும் இதுவரை எனக்குத் தரப்படவில்லை. அவற்றைப் பதிலுடன் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
உசிலம்பட்டி.