கொப்புளத்தோடு வரும் கர்ப்பிணிக்கு ஒரு சோதனை: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கு அரிதாக வரும் பெம்பிகாய்டு ஜெஸ்டேஷனிஸ் என்னும் கொப்புள நோயைத் தங்கள் துறை மருத்துவர்கள் அறிவார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே தோலிலுள்ள கொலாஜன் 17 என்ற புரதத்தைத் தாக்குவதால் வரும் இது தொற்றுநோய் அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும், ஏழாம் மாதத்தில் தொப்புளைச் சுற்றித் தடித்துச் சிவந்து, நீர்கோத்த கொப்புளங்களோடு வந்த என் தங்கையை அம்மை என்று சொல்லித் தனியறைக்கு அனுப்பினார்கள்.

சந்தேகம் வந்த பிறகு தோல் துண்டு எடுத்து, வழக்கமாகத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டார்கள். கொப்புளத்தை ஒட்டிய தோலை ஃபார்மலின் படாமல் அதற்குரிய திரவத்தில் அனுப்பினால்தான் ஒளிரும் சாயம் கொண்டு பார்க்கும் நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனையில், எதிர்ப்பாற்றல் புரதமான சி3-இன் படிவு கோடாகத் தெரியும். முடிவு வராததால் மறுபடியும் வெட்டினார்கள். அந்த இடைவெளியில், சேலை உரசினாலே கொப்புளம் உடைந்து துணியோடு ஒட்டிக்கொள்ள, அதைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பிரித்தெடுத்தபடி அவள் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். பிறகு கொடுத்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கிடைக்காத மருந்தும் அல்ல, விலையுயர்ந்ததும் அல்ல.

எனவே, மாவட்ட மருத்துவமனைதோறும் இச்சோதனைக்கான திரவம் இருக்கவும், மாதிரி தாமதமின்றி ஆய்வகம் சேரவும் வழிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி எண்ணைச் சரிபார்ப்பதில் காட்டிய அக்கறையில் பாதியைக் கொப்புளத்தைப் பார்ப்பதில் காட்டியிருக்கலாம். சுவரெங்கும் தாய் சேய் நல விளம்பரங்கள். அவற்றில் சிரிக்கும் கர்ப்பிணிகளுக்கு அரிப்பே வராது போலும். அது கிடக்கட்டும்.

இந்நோயில் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரலாம். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்குச் சில வாரம் கொப்புளங்கள் இருக்கலாம். பிரசவத்தையொட்டித் தாய்க்கு மீண்டும் சீறலாம். ஆகவே தோல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. சோதனைத் திரவமும் மாதிரியை அனுப்பும் ஏற்பாடும் வேண்டும் என்று மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன்.

அடுத்த கர்ப்பத்தில் இது இன்னும் முன்னதாகவே திரும்பக்கூடும் என்பதால், நோயின் பெயரை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரவும் உத்தரவிட வேண்டும். என் தங்கையின் சீட்டில் ‘தோல் ஒவ்வாமை’ என்று மட்டுமே இருக்கிறது. அதைத் திருத்தித் தரச் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
உடனிருந்து பார்த்த அக்கா