ஒரே அச்சில் 40 வார்ப்பு: ஒழுகும் உறைகளுக்கு மாற்று கோரிப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
சிறு மின்னணுக் கருவிப் பட்டறை,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மாதிரி மற்றும் சிறு உற்பத்திச் சேவை நிறுவனம்,
பெங்களூரு.

பொருள்: மார்ச் மாதம் வந்த 40 உறைகளில் 17 ஒழுகுவது குறித்து.

ஐயா,

தென்னந்தோப்புகளில் மண் ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை நானும் என் தம்பியும் செய்துவருகிறோம். அதன் மேலுறைக்காகத்தான் மாதம் 12,000 ரூபாய், ஜிஎஸ்டியுடன் 14,160 ரூபாய் கட்டி, நான்கு மாதங்களாக உங்கள் சந்தாவில் இருக்கிறேன். முதலில் நைலான் தூளில் நீங்கள் முப்பரிமாண முறையில் அச்சிட்டுத் தந்த மாதிரிகளில் ஒரு குறையும் இல்லை. அதை நம்பித்தான் 40 உறைகளைப் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கில், சிலிக்கோன் அச்சில் ஊற்றி வார்த்துத் தரச் சொன்னேன்.

பெட்டி வந்த அன்றே சோதித்தேன். நான்கு அங்குல பிவிசி குழாயின் அடியை மூடி நிறுத்தி, ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பினேன். உறைக்குள் டிஷ்யூ காகிதம் வைத்து, திருகுகளை முடுக்கி, கல்லைக் கட்டி இறக்கி 30 நிமிடம் விட்டேன். தூசியும் நீரும் புகாமைக்கான ஐபி 67 தரம் தண்ணீர் விஷயத்தில் கேட்பது இவ்வளவுதான். 23 உறைகளில் காகிதம் மொறமொறவென்று அப்படியே இருந்தது. மற்ற 17-இல் கூழாகிவிட்டது.

மூடியைக் கழற்றி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் காடியில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடுகிறது. ஒரு மூலையில் எள்ளளவு மேடு. அங்கே காடியின் ஆழம் 1.5 மி.மீ. இருக்க வேண்டும், வெர்னியர் அளவியில் 0.9 காட்டுகிறது. அந்த இடத்தில் ரிங் தூக்கி நிற்க, பக்கத்திலேயே தண்ணீர் புகுகிறது. 17 உறைகளிலும் மேடு அதே மூலையில்தான். சிலிக்கோன் அச்சின் மெல்லிய விளிம்பு அங்கே பிய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட அச்சு சுமார் 20, 25 வார்ப்புதான் தாங்கும் என்பது இந்தத் தொழிலில் யாருக்கும் தெரியும். இரண்டாவது அச்சு எடுக்கும் செலவை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். நாற்பதையும் ஒருவர் கண்ணால் பார்த்திருந்தாலே இது பிடிபட்டிருக்கும்.

தவறு யாருக்கும் வரும். எனக்குக் கோபம் வந்தது அதன்பிறகு கிடைத்த பதிலால். மாற்று உறைகள் என் சந்தாவின் அடுத்த மாத ஒதுக்கீட்டில் கழிக்கப்படுமாம்! உங்கள் அச்சு பிய்ந்ததற்கு என் கணக்கில் கழிவா? இதற்கிடையே ஏப்ரல் சந்தா மட்டும் நாள் தவறாமல் வங்கியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பொள்ளாச்சியில் ஜூன் மழைக்கு முன் கருவியைப் பொருத்தித் தருவதாக முன்பணம் வாங்கியிருக்கிறேன். தோப்புக்காரர்களுக்கு ஒதுக்கீட்டுக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே, 17 உறைகளையும் புதிய அச்சில் வார்த்து 10 நாளில் அனுப்புங்கள். அவை எந்த மாத ஒதுக்கீட்டிலும் சேரக் கூடாது. ஏப்ரல் தொகையைத் திருப்பித் தாருங்கள். இனி வரும் உறைகளில் வார்ப்பு வரிசை எண்ணைக் குறித்து அனுப்புங்கள்.

‘நீங்கள் வணிக வாடிக்கையாளர்’ என்று பதில் வரும் என எதிர்பார்க்கிறேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கும் பொருளை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

ஒழுகிய 17 உறைகளும், காடியின் படங்களும், அளவுக் குறிப்பும் தயாராக உள்ளன. ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்