கடுக்காய் விலையையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

காட்டு வளத்தை அழிக்காமல் அதிலிருந்தே பசுமைப் பொருளாதாரம் உருவாக்க இலங்கையும் இந்தியாவும் கைகோர்க்க வேண்டும் என்று கொழும்பில் நடந்த கூட்டம் பற்றி, சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இது இந்தப் பிராந்தியத்துக்கே புதிய சிந்தனை என்று அதில் ஒரு வரி இருந்தது, அதை வாசித்ததில் இருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

புறக்கோட்டையில் அப்பா காலத்தில் இருந்து எங்களுக்கு நாட்டு மருந்துச் சரக்குக் கடை. தூத்துக்குடித் தோணியில் மூட்டை வந்து இறங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஜவ்வாது மலையில், கல்வராயன் மலையில் பழங்குடி மக்கள் பொறுக்கிய கடுக்காயும், இங்கே பிபிலைப் பக்கம் நில்கலக் காட்டில் பொறுக்கிய அரளு என்கிற அதே கடுக்காய், புளு என்கிற தான்றிக்காய், நெல்லியும் எங்கள் ஒரே தராசில்தான் ஏறின. இந்த ஊர் வைத்தியர்கள் திரிபலா இடித்தது அதில்தான். உங்களுக்கு இது தெரியாததல்ல, தெரிந்தும் அப்படி ஒரு வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

பேசியவர்கள் பட்டியலையும் பார்த்தேன். அதிகாரிகள், ஆலோசகர்கள், வங்கிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள், காய் பொறுக்குகிற ஒருவர் இல்லை.

காட்டுச் சரக்கு உங்கள் முதல் பக்கத்துக்கு வருவது பிடிபட்டால் மட்டும்தான். கற்பிட்டியில் பீடி இலை மூட்டை கரையொதுங்கினால் படம், துறைமுகத்தில் செஞ்சந்தனக் கட்டை என்றால் படம், விமான நிலையத்தில் அகில் போன்ற வாசனைக் கட்டையான வல்லப்பட்டை என்றால் அதுவும் படம். அந்தப் பீடி இலையை சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் கோடை வெயிலில் கிள்ளிக் கட்டுக்கட்டிய பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு நாளாவது எழுதியிருக்கிறீர்களா?

2020இல் கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு கொத்தமல்லியும், வெனிவல்கெட்டை என்கிற மரமஞ்சள் கொடியும் அவித்துக் குடித்தார்கள். விலை ஏறியது. முதலில் மணிக்கட்டுப் பருமனில் வந்த கொடி, போகப் போகச் சுண்டுவிரல் அளவுக்கு வந்தது, அப்புறம் வேரோடு பிடுங்கியது வந்தது. திரும்ப வளர்ந்துவர வருஷக் கணக்காகும் கொடி அது. வேரோடு வந்ததை நான் வாங்கவில்லை, பக்கத்தில் வாங்கினார்கள். அப்போது இதைப் பற்றி ஒரு கடிதம் அனுப்பினேன், நீங்கள் போடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்து, றப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்று காட்டச் சொன்னதும் இங்கே எல்லாரும் ஓடுப்பட்டார்கள். சரி, காட்டத்தான் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் குடிக்கிற கசாயத்துச் சரக்கு எந்தக் காட்டில், யார் கையால், எந்த மாதத்தில் எடுத்தது என்று இரண்டு நாட்டிலும் ஒருவரும் கேட்பதில்லை. ஒத்துழைப்பு என்றால் அங்கே இருந்து தொடங்கட்டும், மூட்டைக்கு ஒரு துண்டு எழுதி வைத்தாலே போதும். இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டுச் சிறு விளைபொருளைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டுவாசிகளுக்குக் கொடுத்திருக்கிறது, அரசு ஆதரவு விலைப் பட்டியலிலும் கடுக்காய் இருக்கிறது. அங்கேயும் அது எல்லார் கைக்கும் போய்ச் சேர்வதில்லை என்றாலும் கேட்க ஒரு சட்டமாவது உண்டு. எங்களுக்கு அரளு கொண்டுவருகிற மனுஷன், வழியில் மறித்தால் காட்ட ஒரு கடதாசி இல்லாமல் பயந்து பயந்து வருகிறார்.

மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீர் வாளியில் போடுவேன். நல்ல காய் அடியில் போய் உட்காரும். இப்போது பாதி மிதக்கிறது, எல்லாம் பிஞ்சு. முற்றிய காய்க்குக் கொழும்பில் என்ன விலை என்று பொறுக்குகிறவருக்குத் தெரியாது, வருகிற தரகன் சொல்வதுதான் விலை, அதனால் இன்னொருவன் முந்துவதற்குள் கிளையோடு முறித்து இறக்கிவிடுகிறார்கள்.

ஆகவே கேட்பது இதுதான். மரக்கறி விலைப்பட்டியலுக்குக் கீழே அரளு, புளு, நெல்லி, வெனிவல்கெட்டை என்று நாலு வரி கிழமைக்கு ஒருதரம் போடுங்கள். முற்றிய காய்க்கு ஒரு விலை, பிஞ்சுக்கு ஒரு விலை என்று பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. நான்காம் குறுக்குத் தெருவில் விலை எடுக்க வருகிற உங்கள் நிருபர் எங்கள் கடைக்கும் ஒரு நடை வரட்டும், விலையை நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துச் சரக்கு வியாபாரி ஒருவர்,
புறக்கோட்டை, கொழும்பு 11