எண்ணைப் பார்த்து வாங்கச் சொன்னீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டுச் சாமான்களுக்கு ரீசார்ஜபிள் செல் வாங்குவது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: 'எம்.ஏ.எச். எண் எதில் கூடுதலோ, கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள்.' செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று காட்டுவதுதான் அந்த எண். அதை நம்பித்தான் காரைக்குடிக் கடைத்தெருவில் 4800 என்று அச்சடித்த டபுள் ஏ (பென்சில் செல் அளவு) ரீசார்ஜபிள் செல் நாலு வாங்கி வந்தேன்.

ஆத்தாவுக்கு வயது 86. ராத்திரி ஒரு மணிக்குத் தலை சுற்றுகிறது என்று எழுப்பினார்கள். பி.பி. மெஷினில் அந்த நாலு செல்தான். கைப்பட்டையில் பாதிக் காற்று ஏறியதும் மெஷின் அணைந்துபோனது. மறுபடி அமுக்கினேன், மறுபடி பாதியில் நின்றது. முதல் நாள்தான் முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருந்தேன். ஆத்தா தூணில் சாய்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நாலு சாதாரண செல் வாங்கிப் போட்ட பிறகுதான் பி.பி. பார்க்க முடிந்தது. இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் வெளிநாட்டில்.

விடிந்ததும் அந்தச் செல்லை நகைக்கடைத் தராசில் வைக்கச் சொன்னேன். 16 கிராம். ஐந்து வருடமாக வீட்டில் உழைக்கும் 2000 எம்.ஏ.எச். செல் 27 கிராம். புதுச் செல்லில் சரக்கே குறைவு என்று எடையே சொல்லிவிட்டது. டபுள் ஏ அளவில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்கிற வழக்கமான ரீசார்ஜபிள் செல்லுக்குள் 2500, மிஞ்சிப்போனால் 2800 வரைதான் கொள்ளும். 4800 என்பது பச்சைப் பொய். இதை விசாரிக்க நீங்கள் எங்கும் அலைந்திருக்க வேண்டாம். பேட்டரியையும் ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய இடம். ஒரு போன் போட்டிருக்கலாமே.

எங்கள் ஊர் என்றாலே உங்களுக்கு அலட்சியம்தான். முன்பு ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பளிங்கு என்று எழுதினீர்கள். அது கண்ணாடி மேல் சாயமும் சிமென்டும் ஊற்றி ஒவ்வொன்றாகக் கையால் வார்ப்பது என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. முப்பது வருடச் சந்தாதாரர் என்ற மரியாதைக்காவது ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

சரி, செல்லுக்கு வருகிறேன். எந்தச் சாமானுக்கு எது என்று கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. சுவர்க்கடிகாரத்துக்குச் சாதாரண செல்லே ஒரு வருடம் வரும். எப்போதாவது எடுக்கிற டார்ச்சுக்கும் பி.பி. மெஷினுக்கும், சும்மா கிடந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத ரீசார்ஜபிள் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரீசார்ஜபிள், பெட்டியில் கிடந்தே ஒரு மாதத்தில் கணிசமாக இறங்கிவிடும். இதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கடையில் கிடக்கிறது. 1.5 வோல்ட் செல் போடும் இடத்தில் அதைப் போட்டால் சாமானே போய்விடும். அதையாவது எச்சரித்திருக்க வேண்டாமா?

அப்புறம், உயிர் போன செல்லை எங்கே கொடுப்பது? கடையில் கேட்டால் "குப்பையில போட்டுருங்க ஆச்சி" என்கிறார்கள். திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று 2022-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. என் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்ந்து கிடக்கிறது. ஊருணிக் கரையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்த வரி தவறு என்று நாலு வரி போடுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில் வேண்டாம். அதை ஆத்தாவால் படிக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
பள்ளத்தூர்.