கவினின் தலை அளவு

சூரியநெல்லி,
சனிக்கிழமை.

அன்புள்ள பாண்டிக்கு, அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கடைசி ஏலக்காய் எடுப்பும் முடிந்தது. பொங்கலுக்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. வேலை இருக்கும், தெரியும்.

மருமகள் ஸ்டேட்டஸில் உன் நாலு சக்கர பைக்கைப் பார்த்தோம். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்று அம்மா லயம் முழுக்கக் காட்டிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் டயர் கல்லாட்டம் விறைத்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் காற்றடித்தாயா? அங்கே பைக் கணக்கில் 25, 30 பிஎஸ்ஐ ஏற்றிவிடுவார்கள். இதற்குப் பெரும்பாலும் 3 முதல் 7 வரைதான். உன் வண்டிக்கான அளவு அதன் ஸ்டிக்கரிலேயே இருக்கும். சாதாரண கேஜில் அந்த அளவுக்கு முள் சரியாகக் காட்டாது, குறைந்த காற்றுக்கென்று தனி கேஜ் வாங்கு. டயர் சூடாகும் முன் பார். கூடினால் கல்லில் பந்தாக எகிறும். இடதும் வலதும் வேறுபட்டால் ஒரு பக்கம் இழுக்கும்.

தார் ரோட்டில் எடுக்காதே. நம்பர் பிளேட் இல்லை என்பது ஒரு பக்கம். இந்த மாதிரிப் பல வண்டிகளில் பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் ஒரே வேகத்தில் சுற்றும். மண்ணில் திருப்பும்போது ஒன்று வழுக்கிக்கொடுக்கும். தாரில் வழுக்காமல் பிடிக்கும், வண்டி குடைசாயும்.

கிளப்பும் முன் ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரை அழுத்தி விட்டுப் பார். படக்கென்று திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் கேபிளில் மண் இருக்கும். சுத்தம் செய்யாமல் வண்டியை எடுக்காதே. கணுக்கால் மூடிய ஷூ போடு. வண்டி சாய்ந்தால் பைக் பழக்கத்தில் கால் தரையில் ஊன்றப் போகும். ஊன்றினால் பின் சக்கரம் பாதத்தில் ஏறி, காலையே அடியில் இழுத்துவிடும். கால் எப்போதும் வண்டியின் மிதிப்பலகையில் இருக்கட்டும்.

ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோனால் உடம்பை முன்னுக்குத் தள்ளி முன் பிரேக்கைப் பிடி. பின்னால் உருளும்போது பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் முன்பக்கம் தூக்கி உன் மேலேயே கவிழும். நின்றதும் பார்க்கிங் பிரேக் போட்டு மேட்டுப் பக்கமாக இறங்கு. கால் பலகையில் இருக்கட்டும், இதை மறக்காதே.

சீட் நீளமாக இருக்கிறதே என்று இன்னொருவரை ஏற்றக் கூடாது. ஓட்டுகிறவன் ஏற்றத்தில் முன்னும் இறக்கத்தில் பின்னும் நகர்வதற்கான நீளம் அது. என் பேரன் கவின் உன் முன்னால் உட்கார்ந்தால் நீ எங்கே நகருவாய்? 90 சிசிக்கு மேற்பட்ட வண்டியை 16 வயது ஆகாதவர் ஓட்டக் கூடாது என்று கம்பெனிக்காரனே ஒட்டியிருப்பான். கவினுக்கு ஒன்பது வயதுதான். படத்தில் அவன் கட்டைவிரல் ஆக்ஸிலேட்டர் மேல் இருக்கிறது. ஹெல்மெட் இல்லை. காலில் ரப்பர் செருப்பு. கால் பலகைக்கு எட்டாமல் தொங்குகிறது.

அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. உன்னை அதே ஒன்பது வயதில் மடியில் வைத்துக் கொழுக்குமலை ஏற்றத்தில் ஜீப் ஸ்டியரிங்கைக் கொடுத்தவன் நான். உன் இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாகத் திரும்பாததற்குக் காரணம் வழியில் இருந்த அந்தப் பள்ளம் இல்லை, நான்தான். இத்தனை வருஷமும் அம்மாவிடம் பள்ளத்தின் மேல் பழி போட்டேன். நீயும் காட்டிக்கொடுக்கவில்லை. நேற்று ராத்திரி அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் லீவுக்கு வண்டியை டெம்போவில் ஏற்றிவருவதாக மருமகள் சொன்னாள். வேண்டாம்ப்பா. மலைச்சரிவில் வளரும் போதைப்புல் காய்ந்து சருகாகக் கிடக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூடான சைலன்சரில் ஒட்டிய புல்லும் பற்றும். காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகவும் கூடாது. சின்னக்கானல் யானை வழியும் பக்கத்தில்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீ வந்தால் போதும்.

ஒரு காரியம் செய். கவினின் புருவத்துக்கு ஒரு இன்ச் மேலே நாடாவைச் சுற்றி, சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. ஸ்கூட்டரில் உன் பின்னால் உட்காரவும் ஹெல்மெட் வேண்டும், நாலு வயதுக்கு மேல் சட்டமே அதுதான். போடியில் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். வளருகிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி எழுதாதே.

அப்பா